பாத்து இறங்குங்க

ஆளை வேலையை விட்டு அனுப்புவதில் சின்னவளுக்கு இருந்த கைராசி வேறு யாருக்கும் கிடையாது. மற்ற கம்பெனிகளில் வேலை போனவன் கேட்டுக்கு முன்னால் உட்கார்ந்து கத்துவான், மண்ணை வாரித் தூற்றுவான், வக்கீலைப் பிடிப்பான். இவள் அனுப்பிய ஆட்களோ கும்பிட்டுவிட்டுப் போனார்கள். சும்மா சொல்லக் கூடாது, ஒருத்தர் கேன்டீனில் பிஸ்கட் பாக்கெட் வாங்கி அவள் மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். வேலை போன அன்றைக்கு! இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்வது?

அது ஒரு பெரிய ரெடிமேட் கம்பெனி. நாள் முழுக்கத் தையல் மிஷின் கடகடக்கும் கூடம். ஒரு கோடியில் கட்டிங், நடுவில் தையல், அப்புறம் செக்கிங், மறுகோடியில் அயர்னிங். கேன்டீனை ஒட்டி ஜன்னல் இல்லாத ஒரு சின்ன அறை. அதில் ஒரு மேசை, மூன்று நாற்காலி, ஒரு தண்ணீர் பாட்டில். கதவில் ‘பணியாளர் நலம்’ என்று எழுதியிருக்கும். நலமாம், நலம்! அதற்குள் போனவன் நலமாகத் திரும்பியதை யாரும் பார்த்ததில்லை.

அயர்னிங் மாஸ்டர் என்று ஒருவர் இருந்தார். அவர் வாயைத் திறந்தால் சூப்பர்வைசர்களெல்லாம் பாத்ரூம் பக்கம் ஒதுங்கிவிடுவார்கள். அவரை அனுப்ப வேண்டிய நாளில் மேலே மாடியில் இருந்த மேனேஜ்மென்ட்காரர்கள் ஆளுக்கொரு வேலை சொல்லி நழுவிக்கொண்டார்கள். சின்னவள் அலட்டிக்கொள்ளவே இல்லை.

“வாங்கண்ணே, மொதல்ல உக்காருங்க. என்ன இப்படி வேர்த்துக் கொட்டுது? அந்த ஆவியில நின்னு நின்னு நீங்களே வெந்து போயிட்டீங்க.”

“என்ன பண்றது தங்கச்சி, பொழப்பு.”

“அண்ணிக்கு முழங்கால் வலின்னு சொன்னீங்களே, தேவலாமா? நீங்க அவங்ககூட ரெண்டு நாள் சேர்ந்தாப்ல வீட்டுல இருந்து எவ்வளவு நாளாச்சு சொல்லுங்க. இங்க பாருங்கண்ணே, உங்க பிரிவுல ஆளைக் குறைக்கப் போறாங்க. அது உங்களுக்கே தெரியும். உங்ககிட்ட நான் மறைக்க முடியுமா? பெரியவங்க நீங்க ஒருத்தர் கௌரவமா மொதல் அடி எடுத்து வெச்சீங்கன்னா, பின்னாடி வர்ற பசங்க வாயைத் திறக்க மாட்டானுங்க. நான் சொன்னா யாரு கேக்குறா?”

மாஸ்டருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. காகிதம் எப்போது மேசைக்கு வந்தது என்று அவருக்கே தெரியாது.

“பாத்துப் போடுங்கண்ணே, இந்தப் பேனா கொஞ்சம் கசியும். சட்டையில பட்டுடப் போகுது.”

கையெழுத்துப் போடுகிறீர்களா என்று அவள் கேட்கவே இல்லை, கவனித்தீர்களா? மனுஷன் சட்டையைப் பத்திரமாகக் காப்பாற்றிக்கொண்டு போட்டுவிட்டார். அது அவராகவே எழுதிக் கொடுத்த மாதிரியான ராஜினாமாக் கடிதம்.

இந்த வித்தையை அவள் எந்தக் காலேஜிலும் படிக்கவில்லை. அவள் அப்பா பஸ் கண்டக்டர். கூட்டம் போதவில்லை என்று டிரைவர் பாதி வழியில் வண்டியைத் திருப்ப நினைத்தால், உள்ளே இருப்பவர்களை இறக்குவது கண்டக்டர் பாடு. இறங்குங்கள் என்று சொன்னால் எவன் இறங்குவான்? அடிதடிதான் நடக்கும். அப்பா அந்த வார்த்தையை அப்படி வெறுமனே சொல்லவே மாட்டார். கிழவியிடம், “அம்மா, மூட்டைய என்கிட்ட குடுங்க” என்பார். மீசை முளைத்தவனிடம், “மாப்ளே, நீ மொதல்ல குதி, உன் பின்னாடிதான் எல்லாரும் வருவாங்க” என்பார். சட்டம் பேசுகிறவனிடம், “சார், படிச்சவங்க நீங்க, கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க” என்பார். கடைசியில் எல்லோருக்கும் பொதுவாக, “பாத்து இறங்குங்க, படி உயரம்” என்பார். இறங்குவதா வேண்டாமா என்ற பேச்சு எப்போதோ முடிந்து போயிருக்கும். வண்டி திரும்பிப் போன பிறகு நடுரோட்டில் நிற்கிறோம் என்று அவர்களுக்கு உறைக்கும்.

லீவு நாட்களில் அப்பா வண்டியின் முன் சீட்டில் உட்கார்ந்து இரண்டு பெண்களும் இதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வளர்ந்தார்கள். பெரியவள் பள்ளிக்கூடத்தோடு நின்றுவிட்டாள். சின்னவள் மேலே படித்தாள்.

வேலைக்கு நேர்முகம் நடந்தபோது மேனேஜர் அவளிடம் அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டார். சட்டை மடிப்பு ஒருநாளும் கலையாது என்பதால் கீழே கூடத்தில் அவருக்கு ‘மடிப்பு’ என்று பெயர். கண்டக்டர் என்று சொல்ல முதலில் அவளுக்கு நாக்கு கூசியது. சொன்னாள். மடிப்பு விழுந்து விழுந்து சிரித்தார். “ஆள் ஏத்தறதுக்கு எங்கிட்ட நிறைய பேர் இருக்காங்கம்மா. இறக்கத்தான் ஆள் தேடிட்டிருக்கேன்” என்றார். அதுவரைக்கும் அவர்தான் கனமான வார்த்தையில் கடிதம் அடித்து, அதைத் தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்துக் காட்டி, ஒவ்வொரு தடவையும் கேஸில் மாட்டிக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து சின்னவளுக்கு இரண்டு வாய். மாடியில் பேசினால் அச்சடித்த மாதிரி இருக்கும். ஒரு சொல் கூடாது, குறையாது. கீழே வந்தால் அண்ணன், அக்கா, மாமா, சித்தி, ஒரே சொந்தபந்தம். கூடம் முழுக்க அவளைத் தங்கச்சி என்றுதான் கூப்பிட்டது.

பெரியவளின் வீட்டுக்காரருக்குச் சிறுநீரகம் கெட்டுப்போனது அதற்கப்புறம். வாரம் இரண்டு தடவை ஆஸ்பத்திரியில் ரத்தத்தைச் சுத்தம் செய்தால்தான் அவர் நடமாட முடியும். செலவைக் கேட்டாலே தலை சுற்றும். கம்பெனி ஆட்களுக்கு மெடிக்கல் கார்டு உண்டு, கட்டினவருக்கும் பிள்ளைகளுக்கும் அது செல்லும். ஆனால் ஒரே குடும்பத்தில் இரண்டு பேரைச் சேர்க்கக் கூடாது என்பது கம்பெனி விதி. சின்னவள்தான் வழி சொன்னாள்.

“செக்கிங்ல ஆள் எடுக்குறாங்க. உன்னைச் சேத்து விடறேன். ஆனா ஒண்ணு. உள்ள வந்துட்டா நீ யாரோ, நான் யாரோ.”

“அது கிடக்கட்டும்டி. உன்னை என்னன்னு கூப்பிடறது அங்க?”

“மத்தவங்க கூப்பிடற மாதிரி கூப்பிடு.”

மற்றவர்கள் தங்கச்சி என்றார்கள், பெரியவளும் தங்கச்சி என்றாள். அத்தனை பேர் நடுவில் அதை நிஜமாகச் சொன்னவள் அவள் ஒருத்திதான். இரண்டு பேருக்கும் அது பெரிய வேடிக்கையாக இருந்தது. வீட்டுக்கு வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

லீவு விஷயத்திலும் சின்னவள்தான் சொல்லிக் கொடுத்தாள். “புருஷனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்னு சொன்னா வாரா வாரம் எவன் விடுவான்? உனக்கே காய்ச்சல், தலைசுத்தல்னு சொல்லு. சூப்பர்வைசரை நான் பாத்துக்கறேன்.” பெரியவளுக்குப் பொய் சொல்ல வராது. தங்கை சொன்னாள் என்பதற்காகச் சொன்னாள்.

இப்படி ஓடிக்கொண்டிருந்ததில் ஒருநாள் மடிப்பு அவளை மாடிக்குக் கூப்பிட்டார். தைத்த துணியில் பிசிறு, கறை, விட்டுப்போன தையல் பார்க்க கேமரா வைத்த மிஷின் வருகிறது. செக்கிங் பிரிவையே இழுத்து மூடப் போகிறார்கள்.

“நாமா வேலையை விட்டு எடுத்தா, எல்லாருக்கும் மெடிக்கல் கார்டை இன்னும் ஒரு வருஷம் ஓட்டணும். அவங்களா எழுதிக் குடுத்தா அன்னைக்கே நிறுத்திடலாம். புரியுதில்ல? ஒருத்தர்கூட மிச்சம் இருக்கக் கூடாது. நான் தலைமை ஆபீசுக்குப் போறேன். இந்த நாற்காலிக்கு உங்க பேரைத்தான் சொல்லியிருக்கேன். கடைசியா ஒரு தடவை நானும் கூட உக்காந்து பாக்கறேன், நீங்க எப்படித்தான் பண்றீங்கன்னு.”

“நிச்சயமாக, சார்” என்றாள் சின்னவள்.

அக்கா கையெழுத்துப் போடாவிட்டால் கம்பெனி குடி முழுகிப் போகாது. ஒரு ஆளைக் கம்பெனியே வேலையை விட்டு எடுத்ததாகக் கணக்கு வரும், ஒரு கார்டு ஒரு வருஷம் ஓடும், மடிப்பு முகத்தைச் சுளிப்பார், நாற்காலி கொஞ்சம் ஆடும். அவ்வளவுதான். அக்கா புருஷனான மாமாவுக்கோ அந்த ஒரு வருஷம் உயிர். சின்னவளுக்கு இது விளங்காமல் இல்லை. தெளிவாகவே விளங்கியது.

சாயங்காலம் அக்காவுக்குப் போன் செய்தாள். நாளைக்கு என்ன சொன்னாலும் கையெழுத்துப் போடாதே, இந்த ஒரு பேச்சைச் சொன்னால் போதும்.

“மாமாவை இப்பத்தான் ஆஸ்பத்திரியில இருந்து கூட்டிட்டு வந்தேன்” என்றாள் பெரியவள். “நல்லாத் தூங்கறாரு. அப்பா டீவி பாத்துட்டிருக்கார். ஏண்டி, குரல் ஒரு மாதிரி இருக்கு?”

“சளி.”

“வெந்நீர் குடி. சரி, என்ன விஷயம்?”

“ஒண்ணுமில்லக்கா. சும்மா கூப்பிட்டேன்.”

பாவி மகள்! வாய் கொள்ளாமல் பேசுகிறவளுக்கு அன்றைக்கு அந்த ஒரு வாக்கியம் வரவில்லை. அக்கா தானாகவே புரிந்துகொண்டு மறுத்துவிடுவாள், பழி நம்மேல் வராது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு தூங்கிப் போனாள். நன்றாகவே தூங்கினாள்.

மறுநாள் காலையில் செக்கிங் பெண்கள் ஒவ்வொருத்தராக அந்த அறைக்கு வந்தார்கள். மடிப்பு மூலை நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். சின்னவளுக்கு அன்றைக்கு வாக்கில் சரஸ்வதியே குடியிருந்தாள். ஒருத்தியின் மகளுக்கு வரன் பார்த்தாள், ஒருத்தியின் மாமியாரைத் திட்டினாள், ஒருத்தியைக் கிச்சுக்கிச்சு மூட்டாத குறையாகச் சிரிக்க வைத்தாள். எல்லோரிடமும் பேனா கசிந்தது. மடிப்பு வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் பெரியவள் வந்தாள்.

“வாங்கக்கா, உக்காருங்கக்கா” என்றாள் சின்னவள். கம்பெனிக்குள் அவள் அக்காவை அக்கா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. பெரியவளின் முகம் ஒரு நிமிஷம் மலர்ந்தது. தங்கை கம்பெனிக்குள்ளேயே நம்மை ஒப்புக்கொண்டுவிட்டாள் என்று நினைத்துவிட்டாள், அசடு. அப்புறம் மூலையில் இருந்தவரைப் பார்த்தாள், மேசையில் அடுக்கியிருந்த காகிதங்களைப் பார்த்தாள்.

“டீ குடிச்சீங்களாக்கா? கண்ணெல்லாம் சிவந்து கிடக்கு. எட்டு மணி நேரம் டியூப்லைட்டுக்குக் கீழ தையலையே பாத்தா என்னத்துக்கு ஆகும்? உங்க டேபிள்ல நீங்கதான் மூத்தவங்க. நீங்க ஒரு வார்த்தை சொன்னா மத்தவங்க…”

“மத்தவங்கதான் எல்லாரும் போட்டுட்டாங்களே தங்கச்சி” என்றாள் பெரியவள், மெதுவாக. “எங்க அப்பாகூட இப்படித்தாங்க பேசுவார். பஸ்ல கண்டக்டரா இருந்தார். ஆளுங்களை நடுவழியில இறக்கி விடறதுக்கு. கேக்க ரொம்ப நல்லா இருக்கும். நான் இறங்கலைங்க. கம்பெனியே எடுக்கறதுன்னா எடுத்துக்கட்டும்.”

இதுதான் சின்னவள் வேண்டிக்கொண்டது. அக்கா தானாகவே மறுத்துவிட்டாள். சரி என்று சொல்லி அனுப்பிவிட வேண்டியதுதானே?

மடிப்பு காலைக் கீழே இறக்கினார். கண்டக்டர் என்ற சொல் அவருக்கு எதையும் ஞாபகப்படுத்தவில்லை. அவர் உதட்டில் ஒரு சிரிப்பு. இவளுக்கும் ஒரு ஆள் மடங்கவில்லை பார் என்கிற சிரிப்பு. சின்னவளுக்கு அதைப் பார்த்ததும் உடம்பெல்லாம் எரிந்தது. அவள் வித்தை பலிக்காமல் போனது அதுவரை இல்லை. அதையும் யார் கெடுத்தது? அதே பஸ்ஸில், அதே முன் சீட்டில், பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள்.

அவள் முதுகை நிமிர்த்தினாள். கூடத்து வாயை மூடிவிட்டு மாடிவாயைத் திறந்தாள்.

“உங்கள் நிலைப்பாட்டை நான் மதிக்கிறேன். அதே நேரத்தில் ஒரு விஷயத்தை உங்கள் கவனத்துக்குக் கொண்டு வர வேண்டியிருக்கிறது. கடந்த ஒரு வருடமாக உடல்நலக் குறைவு என்று காரணம் சொல்லி நீங்கள் தொடர்ந்து விடுப்பு எடுத்திருக்கிறீர்கள். அந்த நாட்களில் உங்களுக்குக் காய்ச்சலோ வேறு நோயோ இருந்ததாகத் தெரியவில்லை.”

பெரியவள் அவளையே பார்த்தாள்.

“பொய்யான காரணம் சொல்லி விடுப்பு எடுப்பது ஒழுங்கீனம். நிர்வாகம் விசாரணை வைத்து உங்களை நீக்க வேண்டியிருக்கும். அப்படி நீக்கினால் எந்தச் சலுகையும் கிடையாது. இதுவரை உங்கள் குடும்பத்துக்குச் செய்த மருத்துவச் செலவையும் திருப்பிக் கேட்க நிர்வாகத்துக்கு உரிமை உண்டு. நீங்கள் நன்றாக யோசித்து முடிவெடுக்கலாம்.”

அந்தப் பேச்சில் ஒரு கடுமை இல்லை, ஒரு அதட்டல் இல்லை. வாங்க, போங்க என்று எவ்வளவு மரியாதை! அந்த மரியாதைதான் பெரியவளை அடித்துப் போட்டது. தங்கை கோபப்பட்டு அவள் பார்த்திருக்கிறாள், தலைமயிரைப் பிடித்து இழுத்துச் சண்டை போட்டிருக்கிறாள். இப்படிப் பேசி அவள் கேட்டதில்லை. இது யார் என்றே அவளுக்குத் தெரியவில்லை.

“அந்தக் காய்ச்சல்…” என்று ஆரம்பித்தாள்.

சின்னவளின் கண் மடிப்பு பக்கம் ஓடியது. காய்ச்சல் என்று சொல்லச் சொன்னதே நீதானே, நீ என் கூடப்பிறந்தவள்தானே என்று ஒரு வார்த்தை வந்தால் போதும், நாற்காலியும் போச்சு, வேலையும் போச்சு. மடிப்பு முன்னால் குனிந்தார்.

“என்னம்மா? சொல்லுங்க.”

பெரியவள் அவரைப் பார்த்தாள். தங்கையைப் பார்த்தாள். தங்கையின் கழுத்தில் நரம்பு துடித்ததை அவள் பார்த்திருக்க வேண்டும். அம்மா இல்லாத வீட்டில் அந்தக் கழுத்தைக் குளிப்பாட்டி வளர்த்தவள் அவள்.

“ஒண்ணுமில்லைங்க” என்றாள். “எங்க போடணும்?”

சின்னவள் காகிதத்தைத் திருப்பி வைத்து விரலால் காட்டினாள். பேனாவைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. பெரியவள் எழுத்துக் கூட்டுகிற மாதிரி மெதுவாகப் போட்டு முடித்தாள்.

“ஒத்துழைப்புக்கு நன்றி” என்றாள் சின்னவள்.

“சரிங்க மேடம்” என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

கதவு மூடியதும் மடிப்பு கைதட்டாத குறை. “அடேயப்பா! நான் கூட, சொந்தம் கொண்டாடித்தான் காரியம் சாதிப்பீங்கன்னு நெனச்சேன். இதுவும் வருமா உங்களுக்கு? அது சரி, காய்ச்சல் இல்லைன்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க?”

“விசாரித்தேன், சார்” என்றாள்.

நாற்காலி கிடைத்தது. ஆனால் ஒரு சின்ன வேலை பாக்கி. கார்டைத் திரும்ப வாங்கி, ஒப்படைத்துவிட்டேன் என்று ஒரு கையெழுத்தும் வாங்கினால்தான் கோப்பை மூட முடியும். மற்ற பெண்கள் கேட்டில் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். பெரியவளின் கார்டு மட்டும் அன்றைக்கு ஆஸ்பத்திரியில் இருந்தது. வேறு ஆளை அனுப்பினால் வீட்டில் அப்பாவைப் பார்ப்பான், சின்னவள் போட்டோவைச் சுவரில் பார்ப்பான். அதனால் ஞாயிற்றுக்கிழமை அவளே போனாள்.

போய்க் கதவைத் தட்டினபோது மாமா முன் அறையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கால் இரண்டும் வீங்கி, செருப்புக்குள் நுழையாமல் வெறும் தரையில் கிடந்தன. முகமும் ஊதியிருந்தது. பக்கத்தில் அப்பா.

“வாம்மா, வா” என்றார் மாமா. மூச்சு வாங்கியது. “செக்கிங்கையே மூடிட்டாங்களாமே. உங்க அக்கா ஒண்ணும் விவரமாச் சொல்ல மாட்டேங்கறா. போன தடவை ஆஸ்பத்திரியில கார்டு செல்லாதுன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. நீ அங்க பெரிய ஆளாயிட்டியாமே? மேல யாருகிட்டயாவது ஒரு வார்த்தை பேசிப் பாரேன். நீ பேசினா கல்லும் கரையும்.”

“பேசறேன் மாமா” என்றாள் சின்னவள். எவ்வளவு இதமாகச் சொன்னாள் தெரியுமா? கேன்டீன் அறையில் இருக்கிற அத்தனை இதமும் அதில் இருந்தது. “நீங்க கவலையை விடுங்க. நான் இருக்கேன்ல? காலைக் கொஞ்சம் தூக்கி வெச்சுக்குங்க மாமா.”

சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள். பெரியவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்த்தாள், கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

“வாங்க. உக்காருங்க” என்றாள்.

“அக்கா, நான்…”

“சொல்லுங்க மேடம்.”

சின்னவள் வாயைத் திறந்தாள். கூடத்து வாயில் பேசினால் அது ஆளை இறக்குகிற பேச்சு, மாடிவாயில் பேசினால் அது அன்றைக்குப் பேசிய பேச்சு. மூன்றாவதாக ஒன்று, பாவாடை கட்டிய வயசில் இந்த அக்காவோடு பேசியது, எங்கேயோ இருந்திருக்க வேண்டும். தேடினாள், கிடைக்கவில்லை. பையைத் திறந்து காகிதத்தை எடுத்து மேடையில் வைத்தாள். ஈரம் படாத இடமாகப் பார்த்து வைத்தாள்.

பெரியவள் படிக்கவில்லை. அலமாரியில் டப்பாவுக்குப் பின்னாலிருந்து கார்டை எடுத்து வந்து காகிதத்தின் மேல் வைத்தாள். கையெழுத்துப் போட்டாள்.

“இன்னும் வேற எதுக்காவது கையெழுத்து வேணுமாங்க?”

“இல்லை.”

“இருந்தா இப்பவே வாங்கிக்குங்க. அவர் போனதுக்கப்புறம் இந்த வீட்டுக்கு வராதீங்க.”

சின்னவள் கார்டைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள். முன் அறையில் மாமா அப்பாவிடம் பேசிக்கொண்டிருந்தது நன்றாகக் கேட்டது.

“சின்னவ பேசறேன்னு சொல்லிட்டா மாமா. இனிமே ஒரு கவலையும் இல்ல.”